வினைமுதல் இல்லாத வாக்கியம்

வடசென்னைக் கடற்கரையைப் பற்றி எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அறிக்கைகளிலும் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப நம் கண்ணில் படுகிறது. 'இப்பகுதியில் கடலரிப்பு ஏற்பட்டுள்ளது' என்பதே அது. சில இடங்களில் 'கரை பின்வாங்கியுள்ளது' என்றும், வேறு சில இடங்களில் 'நிலப்பரப்பு இழக்கப்பட்டுள்ளது' என்றும் சிறு மாறுதலோடு வரும். இலக்கணப் பிழை ஏதுமில்லை. கண்ணியமான நடை, உணர்ச்சிவசப்படாத குரல், கல்வித்துறை எழுத்துக்கு உரியவை என்று நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்புகள் யாவும் அதில் உண்டு. ஒன்றுதான் குறைகிறது. அந்த அரிப்பை உண்டாக்கியது எது என்பதை அவ்வாக்கியம் சொல்லவில்லை. வினையைச் செய்யும் கருத்தாவை நம் இலக்கணத்தார் வினைமுதல் என்பர். இங்கே வினை உண்டு, வினைமுதல் இல்லை.

காரணம் தெரியாமல் போனதால் அப்படி எழுதுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. காரணம் நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒன்று. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, சரக்கையும் பயணிகளையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இங்குள்ள படகோட்டிகள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் வீசிய புயல் கட்டி வந்த சுவர்களை உடைத்தது. மீண்டும் கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் தெற்கு நோக்கித் திரும்புகிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அந்த மணலை வழிமறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து குவிந்து, கோட்டைக்கு அருகே அலையடித்த இடமெல்லாம் அகன்ற மணல்வெளியாயிற்று. இன்று நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் அகலத்திற்கு அந்தச் சுவரே காரணம். வடக்கே இராயபுரத்திற்கும் திருவொற்றியூருக்கும் வரவேண்டிய மணல் வரவில்லை. வராத மணலுக்குப் பதிலாகக் கடல் வந்தது.

இதை எதிர்ப்பாளர் எவரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1904 முதல் துறைமுகக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரே, சென்னைத் துறைமுகத்தின் அருகே மணல் நகர்வதைக் குறித்து லண்டன் பொறியாளர் நிறுவனத்தின் ஏட்டில் 1912-13 ஆம் ஆண்டுத் தொகுதியில் விரிவாக எழுதியிருக்கிறார். அதுவும் முறையான கல்வித்துறை எழுத்துதான். அளவுகளும் கணக்குகளும் நிறைந்த எழுத்து. சுவரைச் சுவர் என்று சொல்வதற்கு அந்த முறைமை தடையாக இருக்கவில்லை.

ஆகவே கேள்வி வேறு. எழுத்தில் முறைமை என்பது என்ன? அது எழுதுகிறவரைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்டதா, வாசிக்கிறவரை வாசலிலேயே நிறுத்துவதற்காக ஏற்பட்டதா? தமிழ் உரைநடையின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பார்ப்பது, அதிலும் நம் முன்னோர்கள் மிகுதியாகப் பங்கேற்ற ஒரு வரலாற்றில் தேடிப் பார்ப்பது, வீண் வேலை ஆகாது என்று எண்ணுகிறோம்.

ஆய்வு எழுத்தின் முறைமை ஆங்கிலேயர் கொண்டு வந்த சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியன்று. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த புலவர்களின் கருத்தை 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் குறித்துச் செல்கிறார். தாம் சொல்வது தமது கண்டுபிடிப்பு மட்டும் அன்று என்பதை அறிவிக்கும் நேர்மை அது. அவருக்கு உரையெழுதியவர்களுள் சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று மதிப்போடு குறித்து, அவர் சொன்னதை முதலில் எடுத்துக்காட்டி, பிறகு அது பொருந்தாது என்பதற்குக் காரணம் காட்டுவார். மறுப்பதற்கு முன் மறுக்கப்படுபவரின் கருத்தைச் சிதைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு எழுதாத சட்டம். பவணந்தி முனிவரோ அதை எழுதியே வைத்துவிட்டார். நன்னூலின் பாயிரத்தில் நூலாசிரியன் கொள்ளத்தக்க கொள்கைகள் ஏழு என்கிறார்: பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின் மறுத்தல், தான் ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டால் ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் கொள்கையில் சாராது தன் வழி நிற்றல். இந்த ஏழிலும் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். உடன்படுகிறவர் இருக்கிறார், மறுக்கிறவர் இருக்கிறார், துணிகிறவர் இருக்கிறார். யாரும் சொல்லாமல் தானாகவே ஒரு கருத்து 'கூறப்பட்டுள்ளது' என்னும் எட்டாவது கொள்கை அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வினைமுதலை விட்டுப் பேசும் வழக்கம் தமிழுக்குத் தெரியாததன்று. திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணையே மெழுகிக்கொண்டது போலப் பேசும் பேச்சு உலக வழக்கில் உண்டென்று தொல்காப்பியர் ஒப்புக்கொள்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுத்தான் அந்தத் திண்ணை. வீட்டில் திண்ணை தானே மெழுகிக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. மெழுகியவள் யார் என்று வீட்டாருக்குத் தெரியும் (அவளுக்கு நன்றி சொன்னார்களா என்பது வேறு செய்தி). கடற்கரை தானே அரித்துக்கொண்டால் கதை வேறாகிறது.

அச்சு வந்த காலத்திற்கு வருவோம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் வெளிவந்ததும், அதைத் தந்தவர் அண்டிரிக் அடிகளார் என்பதும் நம் வாசகர்கள் அறிந்தவை. 1586 இல் அவர் வெளியிட்ட 'அடியார் வரலாறு' முத்துக்குளித்துறையின் மீனவ மக்கள் படிக்கவும் படிக்கக் கேட்கவும் எழுதப்பட்டது. ஆகவே அதன் நடை பெரிதும் அக்கடற்கரையின் பேச்சைத் தழுவியே சென்றது. அச்சேறிய தமிழ் உரைநடை பண்டிதர் திண்ணையில் பிறக்கவில்லை, கடற்கரையில் பிறந்தது.

அடுத்து வந்த தத்துவ போதகர், மதுரையில் கற்றோரிடையே பேச வேண்டியிருந்தமையால், வேறு நடையைக் கைக்கொண்டார். வடசொற்கள் நிறைந்த, தருக்க முறை பிறழாத, நீண்ட வாக்கியங்கள். 'சர்வேசுரன்' போன்ற சொற்கள் அவ்வழியே நம் இல்லங்களில் நுழைந்து, முந்நூறாண்டுகளுக்கு மேல் பாட்டிமார் வாயில் தவழ்ந்தன. அவை முதலில் கற்றோருக்காக ஆக்கப்பட்டவை என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டன. பிறகு அவற்றையும் மாற்றினோம். பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தின் வரவால் புதிய சொற்கள் வேரூன்றின. இராயப்பர் என்று நம் பெரியோர் அழைத்த திருத்தூதரை இன்று பேதுரு என்கிறோம். அவர் பெயராலேயே இராயபுரம் வழங்குகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர்க் காரணம். படகோட்டிகள் தம் பொருளைக் கொண்டு எழுப்பிய அவருடைய கோவிலும் அங்கே இருக்கிறது. வழிபாட்டு நூலில் பெயர் மாறிவிட்டது. பேருந்துப் பலகையில் மாறவில்லை. நடை மாற்றம் என்பது என்ன, அதில் எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்பதை நம் பொதுநிலையினருக்கு யாரும் வகுப்பெடுத்துக் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்கவர் வீரமாமுனிவர். தேம்பாவணியின் ஆசிரியராகவே நாம் அவரை அறிவோம். ஆனால் நம் பொருளுக்கு வேண்டியவை அவருடைய இரண்டு இலக்கணங்கள். ஒன்று மக்கள் பேசும் தமிழுக்கு. அதைக் கொடுந்தமிழ் என்றார். மற்றொன்று புலவர் எழுதும் செந்தமிழுக்கு. இரண்டையும் இலத்தீனில் எழுதினார். இவையன்றித் தமிழ்ப் புலவர்களுக்காகத் தமிழிலேயே 'தொன்னூல் விளக்கம்' செய்தார். பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் உண்டு, அதைக் கற்றவர் ஒருவர் உட்கார்ந்து முறையாக எழுதலாம் என்று அவர் கருதியதே பெரிய செய்தி. செந்தமிழ் மட்டுமே கற்கத்தக்கது, மற்றது கழிவு என்று நினைக்கும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அவர் இரண்டையும் மதித்தார், ஆனால் கலக்கவில்லை. குருக்கள் மக்களோடு பேச ஒன்று. புலவர்களோடு வாதிட மற்றொன்று. யாருக்கு எழுதுகிறோம் என்பதே நடையைத் தீர்மானிக்கும் என்பது அவர் செய்கையால் காட்டிய பாடம்.

அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738 இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லூத்தரன் சபையார். முனிவர் எவர்களைக் கண்டித்து நூல்கள் எழுதினாரோ அவர்களே அவருடைய இலக்கணத்தை அச்சேற்றினார்கள்! சமய வாதத்தில் எதிரெதிர் நின்றாலும், நூல் நன்றாக இருந்தால் அதை நன்று என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையைக் கல்வியின் முறைமை அவர்களுக்குத் தந்திருந்தது. பின்னர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புகள் சென்னை வேப்பேரியின் மிஷன் அச்சகத்தில் 1831 இலும் 1848 இலும் அச்சாயின. துறைமுகத்திலிருந்து வெகுதொலைவில்லாத அந்த வேப்பேரி, தமிழ் அச்சின் வரலாற்றில் பெரிய இடம் பெற்ற ஊர் என்பதை இன்று அவ்வழியே செல்வோர் பலர் அறியார். செந்தமிழ் இலக்கணமோ 1822 இல் பாபிங்டன் என்பவரின் மொழிபெயர்ப்பாகச் சென்னைக் கல்லூரி அச்சகத்தில் வெளிவந்தது.

இங்கே சென்னைக் கல்லூரி என்றது 1812 இல் எல்லிஸ் துரை முன்னின்று நிறுவிய கோட்டைக் கல்லூரியை. கும்பெனி அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க ஏற்பட்டது. தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, அவை தமக்குள் ஒரு குடும்பம் என்பதை எல்லிஸ் 1816 இல், கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டுகள் முன்பே, சான்றுகளோடு எழுதினார். அதுவும் ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரைக்குக் குறிப்பாக. தம் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வயதுவரை பெரிய நூல் எதையும் வெளியிடுவதில்லை என்று அவர் உறுதி கொண்டிருந்ததாகச் சொல்வர். 1819 இல், நாற்பதைக் கடந்த சிறிது காலத்திற்குள், இராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்தவற்றுள் பல அழிந்தன. அடக்கமும் அளவு மீறினால் நட்டம்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அந்தக் கல்லூரியில் பணியாற்றியவர் முத்துசாமிப் பிள்ளை. புதுச்சேரியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பொதுநிலையினர். வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடிக்கொண்டு வரும்படி 1816 இல் எல்லிஸ் அவரைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார். ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டிய அவர், முனிவரின் வாழ்க்கையையும் தமிழில் எழுதினார். அதுவே 1840 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தமிழறிஞர் ஒருவரின் வாழ்க்கையை, ஏடு தேடி, கேட்டு விசாரித்து உரைநடையில் எழுதிய முயற்சிகளுள் மிகத் தொன்மையானவற்றுள் இதுவும் ஒன்று. நம்மவர் ஒருவர் செய்தது என்று பெருமைப்பட உரிமையுண்டு.

ஆனால் பெருமையோடு நின்றுவிடுவது சரியாகாது. சந்தா சாகிபுவிடம் முனிவர் திவானாக இருந்தார், பாரசீகத்தைச் சில மாதங்களில் கற்றார், பரிவாரங்கள் சூழ ஆடம்பரமாகச் சென்றார் என்றெல்லாம் அந்நூல் சொல்கிறது. பிற்கால ஆய்வாளர்கள் இதற்குத் தக்க சான்று காணவில்லை. 1918 இல் திருச்சியில் வெளிவந்த பெஸ் அடிகளாரின் நூல் முனிவரின் வாழ்வை மீண்டும் ஆராய்ந்தது. திரட்டியவரின் உழைப்பைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. புராண நடையில் பழகிய கைக்கு, பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதத் தொடங்கியதும் பல்லக்கும் பரிவாரமும் தாமே வந்து சேர்கின்றன. 'இதை இன்னார் எனக்குச் சொன்னார்' என்று ஒரு வரி அங்கே இருந்திருந்தால், பின்வந்தவர்கள் நூறாண்டுகள் அந்தப் பல்லக்கைச் சுமந்திருக்க மாட்டார்கள். சான்று சொல்லும் கடமை கலை அழகுக்கு எதிரானது என்று சொல்வோர்க்கு இதைக் காட்டலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியல் தமிழுக்கு வந்தபோது முறைமை வேறு வேடம் புனைந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய தொண்டுக்கு ஈடு இல்லை. ஆயினும் உடற்கூற்றைப் பற்றிய அவருடைய நூலின் பெயரைப் பாருங்கள்: 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்'. தமிழ் மாணவன் இதைப் புரிந்துகொள்ள முதலில் வடமொழி படிக்க வேண்டும். நம் இராயபுரத்திலோ அந்தச் சிக்கலே எழவில்லை. 1877 இல் இங்கு ஏற்பட்ட மருத்துவப் பள்ளி, 1938 இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. பாடம் ஆங்கிலத்தில், நோயாளியின் பேச்சு தமிழில். துறைமுகத் தொழிலாளியின் வலியை 'குத்துது', 'இழுக்குது', 'சுளுக்கு' என்று கேட்டு, ஆங்கிலத்தில் குறித்துக்கொள்ளும் அந்த மொழிபெயர்ப்பு இன்றளவும் அங்கே நாள்தோறும் நடக்கிறது. இதை எந்தப் பல்கலைக்கழகமும் ஆய்வென்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கலைச்சொல் ஆக்கும் முயற்சி 1916 இல் சேலத்தில் இராஜாஜி முதலியோரால் தொடங்கியது. 1936 இல் பச்சையப்பன் கல்லூரியில் விபுலானந்த அடிகள் தலைமையில் கூடிய மாநாட்டின் பயனாக 1938 இல் கலைச்சொற் தொகுதி வந்தது. வடசொல்லா, ஆங்கிலச் சொல்லா, தனித்தமிழா என்ற போராட்டம் கடுமையாக நடந்தது. அது நியாயமான போராட்டமே. ஆனால் பெயர்ச்சொற்களைப் பற்றி அத்தனை பேர் சண்டையிட்ட காலத்தில், வினைச்சொற்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நடை கெட்டது வினையில்தான்.

வினையைக் காத்தவர்கள் மேடையிலும் இதழிலும் எழுதியவர்கள். திரு.வி.க. முறையாகக் கற்ற புலவர். கதிரைவேற் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். அவருடைய இளமைக்கால நடை கடுமையானது. 1917 இல் தேசபக்தன் நாளிதழுக்கு ஆசிரியரானார். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதில் தோள்கொடுத்தார். தலைவர் வாடியா ஆங்கிலத்தில் பேசினார். அது தமிழாக்கிச் சொல்லப்பட்டது. ஊதியம், வேலை நேரம், உரிமை என்பனவற்றை ஆலைத் தொழிலாளி முன் நின்று சொல்ல வேண்டியபோது வாக்கியம் சிறுத்தது. யார் யாருக்கு என்ன செய்தார் என்பது தெளிந்தது. அதற்காக அவர் நடை தாழ்ந்துவிட்டதா? பெரியபுராணத்திற்கு அவர் எழுதிய குறிப்புரையையும் 'பெண்ணின் பெருமை'யையும் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வடசென்னையின் ஆலைவாயில் தமிழ் உரைநடைக்கு ஒரு பல்கலைக்கழகமாக இருந்தது என்றால் மிகையாகாது.

உண்மையான பல்கலைக்கழகத்தில் நிலைமை எப்படி இருந்தது? 1948 இல் மு. வரதராசனார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக முதன்முதல் முனைவர் பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை என்பது பொருள். அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனிநாயகம் அடிகளாரும் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்பதையே ஆராய்ந்தார். அதுவும் ஆங்கிலத்தில். தமிழகத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களில், குறிஞ்சியையும் நெய்தலையும் பற்றி, இரண்டு தமிழர்கள், ஒரே காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடிகளாருக்கு அதில் ஒரு நோக்கம் இருந்தது. தமிழின் சிறப்பைத் தமிழரிடமே சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, உலக அறிஞர் முன் அவர்கள் ஏற்கும் முறையில் வைக்க வேண்டும் என்று கருதினார். 1952 இல் 'தமிழ்க் கலாசாரம்' என்னும் பொருள்படும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. லிஸ்பனில் 1554 இல் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலைப் பற்றியும், புரோயென்சா அடிகளாரின் 1679 ஆம் ஆண்டு அகராதியைப் பற்றியும் அவர் உலகுக்கு அறிவித்தபோது, 'தமிழ் தொன்மையானது, இனியது' என்று முழங்கவில்லை. எந்த நூலகம், எந்த நூல், எந்த ஆண்டு என்று சொன்னார். அந்த வறண்ட செய்திகளே முழக்கத்தைவிட உரக்கக் கேட்டன. அவரே தமிழில் எழுதியபோது, 'தமிழ்த்தூது' படித்தவர்கள் அறிவார்கள், பயணம் செய்து திரும்பிய உறவினர் நம் வீட்டில் உட்கார்ந்து பேசுவது போன்ற நடை. மு.வ.வும் அப்படியே. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதியவர், மொழிநூலையும் கடிதங்களையும் பள்ளியிறுதி படித்தவருக்கும் விளங்கும் தமிழில் எழுதினார்.

பின்னாளில் தமிழிலேயே ஆய்வேடு எழுதும் உரிமை வந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் ஆங்கில ஆய்வேட்டின் செயப்பாட்டு வினையும் கூடவே வந்து குடியேறியது. 'இவ்வியலில் ஆராயப்படுகின்றது', 'மேலே சுட்டப்பட்டுள்ளது', 'என்று கருதப்படுகிறது', 'ஆய்வாளரால் கண்டறியப்பட்டது'. ஆய்வாளர் தம்மையே மூன்றாம் மனிதராகப் பேசுகிறார். தன்னை மறைத்துக்கொள்வது அடக்கம் என்று நினைக்கிறோம். 'நான் கருதுகிறேன்' என்றால் 'ஏன்?' என்று கேட்கலாம். 'கருதப்படுகிறது' என்றால் யாரிடம் போய்க் கேட்பது? சேனாவரையர் காலத்து அடக்கம் கேள்விக்கு முன் நின்றது. இந்த அடக்கம் கேள்விக்குப் பின்னால் ஒளிகிறது. நல்ல ஆய்வேடுகள் தமிழில் இல்லை என்று நாம் சொல்லவில்லை. நன்றாக எழுதியவர்கள் இந்த வாய்பாட்டை மீறித்தான் எழுதினார்கள் என்பதே நம் எண்ணம்.

அறிக்கைகளில் இதனால் வரும் கேடு ஆய்வேட்டில் வருவதைவிடப் பெரிது. ஆய்வேடு நூலகத்தில் உறங்கும்; அறிக்கை ஊரை மாற்றும். எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்த கதை நம்மவர் அறிந்ததே. 2006 செப்டம்பரில் மைய அரசு வெளியிட்ட அறிவிக்கை, பெருந்திட்டம் எதற்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும், மக்கள் கருத்துக் கேட்க வேண்டும், அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும் என்றது. சுருக்கம் தமிழில் வரும். ஆனால் அந்தத் தமிழை வாசித்துப் பாருங்கள். 'பாதிப்புகள் குறைக்கப்படும்', 'நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்' என்று வரிசையாக வரும். யார் குறைப்பார், எப்போது மேற்கொள்வார் என்று நெட்டுக்குப்பத்துத் தாய் ஒருத்தி கேட்டால், வாக்கியத்தில் ஆள் இல்லை. 2020 இல் அந்த அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவை அரசு வெளியிட்டபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருந்தது. அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிட வேண்டும் என்று அவ்வாண்டு ஜூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அரசு உச்சநீதிமன்றம் வரை சென்றது. மொழிபெயர்த்தால் பொருள் மாறிவிடும் என்னும் அச்சம் அரசின் வாதங்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் ஆள் இல்லாத வாக்கியத்தை எந்த மொழியில் பெயர்த்தாலும் ஆள் வரப்போவதில்லை.

கடலைப் பற்றிய முறையான சொற்கள் நம் மக்களிடம் இல்லாமல் போய்விடவில்லை. சென்னைக் கடற்கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பர். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்பர். ஓட்டத்தைப் பொதுவாக வெள்ளம் என்பர். வலை எங்கே விழும், மீன் எப்போது கரையணையும் என்பதெல்லாம் இச்சொற்களைக் கொண்டே அவர்கள் கணக்கிடுவது. கலைச்சொல் எனத்தக்க துல்லியம் உள்ள சொற்கள் இவை. இராயபுரத்துக் கரையைப் பற்றிய முதல் வாக்கியத்தை இச்சொற்களோடு நாமே எழுதிப் பார்த்தோம். 'அலையும் தெண்டி வெள்ளமும் வடக்கே கொண்டுசெல்லும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. அச்சுவரை அரசு 1875 இல் கட்டத் தொடங்கியது. மணல் வராமையால் சுவருக்கு வடக்கே கடல் கரையை அரித்தது, வீடுகள் விழுந்தன.' ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதை எழுத எந்த விதி தடுக்கிறது என்று தேடினோம். தொல்காப்பியத்திலும் கிடைக்கவில்லை, நன்னூலிலும் கிடைக்கவில்லை.